உப்பு மாவுத் தொங்கல்கள்: குடும்பத்தோடு செய்து, விரிசல் விடாமல் உலர்த்தி, அடுத்த ஆண்டுக்கும் காப்பாற்றும் முறை

குளிர்கால விடுமுறையில் பிள்ளைகளோடு உட்கார்ந்து நட்சத்திரம், மணி, நிலா, கைப்பதிவு என்று மாவில் வெட்டித் தொங்கவிடும் வேலை இது. தேவை மூன்றே பொருள்: மைதா, உப்பு, தண்ணீர். அதனாலேயே ஒரு பிற்பகலில் முடித்துவிடலாம் என்று பலரும் இறங்கிவிடுகிறார்கள். பிசைந்து வெட்டுகிற வரைக்கும் அது சரிதான். கெடுவதெல்லாம் அதற்குப் பிறகு. உள்ளே ஈரம் இருக்கும்போதே வண்ணம் அடித்து, மேலே வார்னிஷும் பூசி மூடிவிடுகிறார்கள். இரண்டே வாரத்தில் தொங்கல் நமத்துப்போய்க் கயிற்றிலிருந்து அறுந்து விழுகிறது. அதனால் இந்த வழிகாட்டி முழுவதையும் உலர்த்தலை நடுவில் வைத்தே வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

1. தேதியைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

தொங்கவிட வேண்டிய நாளை முதலில் குறியுங்கள். வீட்டில் ஓவன் இருந்தால் அதற்கு ஐந்து நாள் முன்பும், காற்றிலேயே உலர்த்துவதாக இருந்தால் பத்து நாள் முன்பும் மாவில் கை வைக்க வேண்டும்.

ஓவன் கணக்கு இப்படி: முதல் நாள் பிசைந்து வெட்டி, இரவு முழுக்கக் காற்றில் விடுவது. இரண்டாம் நாள் ஓவன். மூன்றாம் நாள் வண்ணம். நான்காம் நாள் வார்னிஷ். ஐந்தாம் நாள் கயிறு. காற்றில் என்றால் அந்த இரண்டாம் நாளே ஆறேழு நாளாக நீளும்.

இந்த அட்டவணையைப் பிள்ளைகள் கண்ணில் படுகிற இடத்தில் ஒட்டுங்கள். "இன்னைக்கே பெயின்ட் அடிக்கலாமா?" என்று மணிக்கொரு தரம் வரும் கேள்விக்கு அந்தத் தாள் பதில் சொல்லிக்கொள்ளும்.

2. எடுத்து வைக்க வேண்டியவை

மாவுக்கு: மைதா 2 கப், தூள் உப்பு 1 கப், தண்ணீர் முக்கால் கப் முதல் 1 கப் வரை. கப் என்றால் இங்கே 240 மில்லி. எந்தக் கப்பாக இருந்தாலும் மூன்றுக்கும் ஒரே கப்பைப் பயன்படுத்தினால் போதும். இந்த அளவில் 6 செ.மீ. அகலத் தொங்கல்கள் 20 முதல் 25 வரை வரும்.

தராசில் நிறுப்பவர்கள் ஓரிடத்தில் தவறுகிறார்கள். 2 கப்புக்கு 1 கப் என்பதைப் பார்த்து, 250 கிராம் மைதாவுக்கு 125 கிராம் உப்பு போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். உப்பு மைதாவைவிடக் கனமானது. 2 கப் மைதா சுமார் 250 கிராம்தான். 1 கப் தூள் உப்போ 280 கிராமைத் தாண்டும். எடையில் பார்த்தால் மாவைவிட உப்புதான் அதிகம். உப்பு பாதியாகக் குறைந்தால் தொங்கல் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும்.

கல் உப்பு வேண்டாம். 100 மில்லி தண்ணீரில் கரைவது ஏறத்தாழ 36 கிராம் உப்புதான். ஆக, நாம் போடும் உப்பில் பெரும்பகுதி கரையாமல் மணிமணியாக மாவுக்குள்ளேயே இருக்கப்போகிறது. அந்த மணி சிறிதாக இருந்தால்தான் மேற்பரப்பு வழவழப்பாக வரும். கல் உப்பு மட்டுமே கையில் இருந்தால் மிக்ஸியில் நன்றாகப் பொடித்துச் சலித்துக்கொள்ளுங்கள்.

பேக்கிங் பவுடர் கலந்து வரும் மாவையும் தொடாதீர்கள். ஓவனுக்குள் உப்பி, வெட்டிய வடிவமே தெரியாமல் போய்விடும்.

மற்றவை: பூரிக்கட்டை, பட்டர் பேப்பர், வடிவ அச்சுகள் (இல்லாவிட்டால் டம்ளரும் அட்டையில் வெட்டிய மாதிரியும்), ஸ்ட்ரா, பல்குத்தும் குச்சி, ஐஸ் குச்சிகள், கம்பிவலைத் தட்டு, 220 எண் உப்புத்தாள், அக்ரிலிக் வண்ணம், வார்னிஷ், பருத்திக் கயிறு அல்லது சணல் கயிறு.

உலர்த்தும் தட்டுகளையும் இப்போதே எண்ணிவிடுங்கள். 25 தொங்கல்களை ஒன்றோடொன்று தொடாமல் பரப்ப இரண்டு தட்டாவது வேண்டும். வெட்டி முடித்த பிறகு இடம் தேடி அலைகையில்தான் பாதி வடிவங்கள் நசுங்குகின்றன.

வீட்டில் நாய் இருந்தால் ஓர் எச்சரிக்கை. இந்த மாவில் உள்ள உப்பு நாய்க்கு நஞ்சாகவே மாறக்கூடும். பச்சை மாவு, காய்ந்த தொங்கல் இரண்டுமே ஆபத்துதான். தின்றுவிட்டால் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரை அழையுங்கள். சிறு குழந்தைகள் வாயில் வைத்தாலும் கரிப்பில் பெரும்பாலும் துப்பிவிடுவார்கள். ஆனாலும் பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும்.

3. யாருக்கு எந்த வேலை

மாவை நடுவில் வைத்துவிட்டு "எல்லாரும் வாங்க" என்று கூப்பிட்டால் சண்டையில்தான் முடியும். ஆளுக்கொரு உருண்டை, ஆளுக்கொரு மூலை என்று முதலிலேயே பிரித்துவிடுங்கள்.

இரண்டு மூன்று வயதுக் குழந்தைக்குக் கைப்பதிவும் உருட்டி விளையாட ஒரு துண்டு மாவும் போதும். நான்கு முதல் ஆறு வயதுக்காரர்கள் அச்சை அழுத்துவார்கள், ஸ்ட்ராவால் துளை போடுவார்கள். ஏழு வயதுக்கு மேல் தேய்ப்பதையும் உப்புத்தாள் வேலையையும் நம்பிக் கொடுக்கலாம். ஓவன் பக்கம் பெரியவர்கள் மட்டும்.

தாத்தா பாட்டியைப் பிசைகிற வேலையில் இழுக்காதீர்கள். உப்பு நிறைந்த இந்தக் கெட்டி மாவு மணிக்கட்டைப் பதம் பார்க்கும். வண்ணம் அடிக்கும் நாளில் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் பிள்ளைகள் அவசரப்படுவது குறைகிறது.

கையில் கீறல், நகக்கண் வெடிப்பு இருப்பவர்கள் பிளாஸ்திரி போட்டுக்கொண்டு வரட்டும். உப்பு பட்டதும் எரிந்து, குழந்தை அழுதுகொண்டே எழுந்து போனால் திரும்பக் கூட்டி வருவது கஷ்டம்.

4. மாவு பிசைதல்

மைதாவையும் உப்பையும் உலர்வாகவே நன்றாகக் கலந்துகொள்ளுங்கள். தண்ணீர் விட்ட பிறகு உப்பைச் சேர்த்தால் ஓரிடத்தில் குவிந்து, காய்ந்ததும் அந்த இடம் உதிரும்.

முக்கால் கப் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பிசையுங்கள். மீதிக் கால் கப்பைக் கரண்டி கரண்டியாக, தேவைப்பட்டால் மட்டும். பூரிக்குப் பிசைகிற பதம்தான் இலக்கு: கெட்டியாக, கையில் ஒட்டாமல். தண்ணீர் கூடிய மாவை மேலும் மைதா போட்டுச் சரிசெய்தால் உப்பின் விகிதம் குறைகிறது. அப்படிச் சேர்த்தால் பாதியளவு உப்பும் கூடவே சேருங்கள்.

உப்பு கரையட்டும் என்று சிலர் கொதிக்கும் தண்ணீர் விடுகிறார்கள். சர்க்கரைக்கு அது சரி. உப்பு சுடுதண்ணீரிலும் ஏறக்குறைய அதே அளவுதான் கரையும். பிள்ளைகள் கை வைக்கப்போகிற மாவில் வெந்நீர் எதற்கு? வெதுவெதுப்பே போதும்.

எட்டிலிருந்து பத்து நிமிடம் விடாமல் பிசைய வேண்டும். இரண்டு நிமிடத்தில் உருண்டை சேர்ந்துவிடுவதால் பலரும் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். உப்பு இருப்பதால் மாவு தண்ணீரை மெதுவாகத்தான் இழுக்கிறது. சரியாகப் பிசையாத மாவின் ஓரங்கள் தேய்க்கும்போதே வெடித்துக் காட்டும். அந்த வெடிப்புகள்தான் உலரும்போது விரிசலாக நீள்கின்றன.

5. அரை மணி நேரம் விடுங்கள்

ஈரத்துணியால் மூடி 30 நிமிடம். இந்த இடைவெளியில் பட்டர் பேப்பரை வெட்டி, அச்சுகளை அடுக்கிவிடலாம். தேய்க்கும்போது மாவு ரப்பர் போலப் பின்வாங்கினால் இன்னும் பத்து நிமிடம் தேவை என்று பொருள்.

6. தேய்த்து வெட்டுதல்

மேசையில் தேய்த்து, வெட்டி, பிறகு தூக்கித் தட்டில் வைப்பதுதான் எல்லாரும் செய்வது. தூக்கும்போது நட்சத்திரத்தின் ஒரு முனை இழுபட்டுவிடும். அதற்குப் பதிலாக, பட்டர் பேப்பரின் மேலேயே தேய்த்து, அதன் மேலேயே வெட்டுங்கள். பிறகு வடிவத்தை விட்டுவிட்டு, சுற்றியிருக்கும் மீதி மாவை மட்டும் உரித்தெடுங்கள். பேப்பரோடு அப்படியே தட்டுக்கு நகர்த்தலாம். வடிவத்தில் ஒரு விரலும் படாது.

தடிமன் 5 முதல் 6 மி.மீ. மூன்றுக்குக் கீழே போனால் காயும்போது வளைந்து, கைப்பட்டாலே ஒடியும். எட்டைத் தாண்டினால் வெளிப்புறம் இறுகிய பிறகும் உள்ளே ஈரம் நிற்கும். ஆனால் எந்தத் தடிமனாக இருந்தாலும் தட்டு முழுக்க ஒரே அளவாக இருப்பதுதான் முக்கியம். மெல்லியதும் தடித்ததும் கலந்திருந்தால் ஒன்று கருகும்போது இன்னொன்று பச்சையாகவே இருக்கும்.

கண்ணளவை நம்ப வேண்டாம். மூன்று ஐஸ் குச்சிகளை அடுக்கி டேப் சுற்றினால் ஏறத்தாழ 6 மி.மீ. கிடைக்கும். மாவின் இருபுறமும் அப்படி ஒவ்வோர் அடுக்கை வைத்து, பூரிக்கட்டையை அவற்றின் மேல் உருட்டினால் ஆறு வயதுக் குழந்தை தேய்த்தாலும் சமமாக வரும்.

அச்சு மாவில் ஒட்டினால் மைதாவில் தொட்டு அழுத்துங்கள். வெட்டிய ஓரத்தில் பிசிறு தெரிந்தால் ஈர விரலால் ஒரு முறை தடவுங்கள். காய்ந்த பிறகு உப்புத்தாளால் அரை மணி நேரம் செய்கிற வேலையை ஈரத்தில் அரை நிமிடத்தில் முடிக்கலாம்.

7. துளை, எழுத்து, கைப்பதிவு

மூன்றும் மாவு ஈரமாக இருக்கும்போதே நடக்க வேண்டும். காய்ந்த பிறகு துளையிட முயன்றால் பெரும்பாலும் இரண்டாகப் பிளக்கும்.

துளைக்கு ஸ்ட்ராவை நேராக அழுத்தித் திருகி எடுங்கள். மேல் ஓரத்துக்கும் துளைக்கும் நடுவே 1 செ.மீ. மாவாவது இருக்கட்டும், தொங்கலின் எடை முழுவதையும் தாங்குவது அந்த ஒரு செ.மீ.தான். பல்குத்தும் குச்சியால் போடும் துளை மிகச் சிறியது. வண்ணமும் வார்னிஷும் பூசியதும் அடைத்துக்கொள்ளும். அடியில் பேப்பர் இருப்பதால் சில துளைகள் முழுதாக ஊடுருவியிருக்காது. எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பெயரும் ஆண்டும் முன்பக்கத்தில் எழுதலாம். பின்பக்கம் வேண்டுமென்றால் மறுநாள் மேல்பக்கம் இறுகித் திருப்பிப் போடும்போது, அடிப்பக்கம் இன்னும் நெகிழ்வாக இருக்கும்; அப்போது குச்சியால் மெதுவாகக் கீறுங்கள். மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் பெயரில்லாத கைப்பதிவு யாருடையது என்று அடுத்த ஆண்டு யாராலும் சொல்ல முடியாது.

கைப்பதிவுக்கு மட்டும் மாவு கொஞ்சம் தடிப்பாக வேண்டும். சாதாரணப் பென்சில் சுமார் 7 மி.மீ. பருமன், ஐஸ் குச்சிகளுக்குப் பதில் இரண்டு பென்சில்களை வைத்துத் தேயுங்கள். குழந்தையின் கையில் மைதா தடவி, விரல்களை விரித்து வைத்து, ஒவ்வொரு விரலின் மேலும் உள்ளங்கைக்கு மேலும் நீங்கள் தனித்தனியாக அழுத்துங்கள். மொத்தமாக அழுத்தினால் உள்ளங்கையின் நடுப்பள்ளம் பதியாது. சரியாக விழவில்லையென்றால் மாவை உருட்டி மறுபடி தேயுங்கள். அதே பள்ளத்தில் இரண்டாம் முறை கையை வைத்தால் ஆறு விரல் வரும்.

8. உலர்த்துதல்

பொறுமையைச் சோதிக்கும் இடம் இதுதான். மேல்தோல் சீக்கிரமும் உள்பகுதி மெதுவாகவும் காய்கின்றன. காய்ந்த தோல் சுருங்கும்; உள்ளே ஈரமாக இருப்பது சுருங்காது. இந்த இழுபறியில்தான் விரிசலும் வளைவும் வருகின்றன. ஆகவே உலர்த்தலில் செய்வதெல்லாம் இந்த இரண்டின் வேகத்தையும் பக்கத்தில் கொண்டுவரத்தான்.

முதல் இரவு, ஓவன் இருந்தாலும் இல்லாவிட்டாலும், தொங்கல்கள் காற்றிலேயே கிடக்கட்டும். காற்றாடிக்கு நேர் கீழே, வெயிலில், ஹீட்டர் பக்கத்தில் வைக்கக் கூடாது. அவசரமாகக் காயும் ஒரு பக்கம் மறுபக்கத்தை இழுத்து வளைத்துவிடும்.

மறுநாள் காலையில் மேல்பக்கம் இறுகியிருக்கும். பேப்பரை மெதுவாக உரித்து, திருப்பிக் கம்பிவலைத் தட்டில் வையுங்கள். கீழிருந்தும் காற்றுப் போனால்தான் இருபக்கமும் ஒரே சீராகக் காயும்.

ஓவனில்: 100 டிகிரி செல்சியஸ், 2 முதல் 3 மணி நேரம், ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போட வேண்டும். சீக்கிரம் முடியட்டும் என்று 150-க்கு ஏற்றினால், உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் மாவைக் கொப்புளமாகத் தூக்கும். மேலே பழுப்பும் ஏறும். சிறிய ஓவன்களில் குமிழ் காட்டும் சூடு ஒன்று, உள்ளிருக்கும் சூடு ஒன்று என்றிருக்கும். ஆகவே முதலில் ஒரே ஒரு சோதனைத் துண்டை அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள். அது உப்பி எழுந்தால் சூட்டைக் குறையுங்கள்.

நேரம் முடிந்ததும் உடனே வெளியே எடுக்காதீர்கள். ஓவனை அணைத்து, கதவைக் கொஞ்சம் திறந்து வைத்து உள்ளேயே ஆறவிடுங்கள். சூடான துண்டைக் குளிர்ந்த மேடையில் வைத்தால் நன்றாக வந்ததும் கடைசி நிமிடத்தில் விரிசல் விடும்.

மைக்ரோவேவ் வேண்டாம். முப்பது விநாடியில் முடியும் என்று ஆசை காட்டும். நடுவில் கொப்புளமும் ஓரத்தில் ஈரமுமாக வெளியே வரும்.

காற்றில்: காலை ஒருமுறை, இரவு ஒருமுறை திருப்பிப் போட்டு ஆறேழு நாள். குளிர்கால அறை சில வீடுகளில் ஈரமாகவும் ஹீட்டர் ஓடும் வீடுகளில் மிக வறண்டும் இருக்கும். ஈரமான அறையானால் நாள் கூடும். வறண்ட அறையானால் முதல் இரண்டு நாள் மேலே ஒரு மெல்லிய துணி போட்டு வேகத்தைக் குறையுங்கள்.

காய்ந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள மூன்று வழி உண்டு. கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருக்கிறதா? உள்ளே இன்னும் ஈரம் ஆவியாகிக்கொண்டிருக்கிறது. நகத்தால் தட்டினால் ஓடு போல 'டக்' என்கிறதா, மொத்தையாகக் கேட்கிறதா? மொத்தையென்றால் காயவில்லை. நம்பத்தகுந்தது மூன்றாவது: ஐந்து தொங்கல்களைச் சேர்த்துச் சமையலறைத் தராசில் நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பச்சையாக இருந்ததில் ஏறத்தாழ கால் பங்கு எடை குறையும். காலையும் மாலையும் நிறுத்து, எடை மாறாமல் நின்றால் வேலை முடிந்தது.

இந்த எடைப் பதிவேட்டை எட்டுப் பத்து வயதுப் பிள்ளையிடம் ஒப்படையுங்கள். சும்மா காத்திருக்கச் சொன்னால் சலித்துக்கொள்கிற பிள்ளை, "இன்னும் நாலு கிராம் குறையணும்" என்று தானே தம்பியைத் தடுத்து நிறுத்தும். எந்தத் தொங்கலுக்கு என்ன நிறம் என்று தாளில் வரைந்து பார்க்கவும் இந்த நாட்கள்தான்.

9. விரிசலும் உடைசலும்

மயிரிழை விரிசலை விட்டுவிடுங்கள், வண்ணத்தில் மறையும். அதைவிடப் பெரிதானால், எடுத்து வைத்த மாவில் கொஞ்சம் தண்ணீர் குழைத்துக் களிம்பாக்கி, விரிசலுக்குள் திணித்துத் துடைத்துவிட்டு மறுபடி காயவையுங்கள். அதற்காகவே ஒரு சின்ன உருண்டையைக் காற்றுப் புகாத டப்பாவில் வைத்துக்கொள்வது நல்லது. முழுதாக உடைந்ததை வெள்ளைப் பசையால் ஒட்டலாம். உடைந்தது துளையிருக்கும் மேற்பகுதியென்றால் ஒட்டிப் பயனில்லை, எடையைத் தாங்காது. அதை மேசையில் வைக்கும் அலங்காரமாக்கிவிடுங்கள்.

வளைந்துபோனதை நிமிர்த்த முயல வேண்டாம்.

10. வண்ணம்

முதலில் ஓரங்களை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, உலர்ந்த தூரிகையால் தூசியைத் தட்டுங்கள். ஈரத்துணியால் துடைத்தால் மேலிருக்கும் உப்பு கரைந்து சொரசொரப்பாகும்.

அக்ரிலிக் வண்ணமே ஏற்றது. வாட்டர் கலரைப் பிள்ளைகள் தண்ணீரில் குழப்பி அடிப்பார்கள். அத்தனை தண்ணீரும் மாவுக்குள் இறங்கும், ஒரு வாரம் உலர்த்தியது வீண். அக்ரிலிக்கிலும் தூரிகையைக் கழுவியதும் துணியில் ஒற்றிவிட்டுத்தான் தொடவேண்டும். முதலில் வெள்ளை ஒரு கோட். அது காய்ந்த பிறகு மற்ற நிறங்கள். நேரடியாக அடித்தால் மாவின் மஞ்சள் ஊடே தெரிந்து நீலம் பச்சையாகத் தோன்றும்.

ஒரு பக்கம் முழுதாகக் காய்ந்த பிறகே மறுபக்கம்.

பிள்ளை ஊதா நிறத்தில் நிலா அடித்தால் ஊதாவாகவே இருக்கட்டும். அவர்கள் தூங்கிய பிறகு 'கொஞ்சம் சரிசெய்கிறேன்' என்று தூரிகையை எடுக்கும் பெரியவர்கள் உண்டு. காலையில் அது தெரியாமல் போகாது. அடுத்த ஆண்டு அந்தப் பிள்ளை வேலைக்கு வராது. அழகாக ஒன்று வேண்டுமென்றால் உங்களுக்கென்று ஓர் உருண்டையை ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

11. வார்னிஷ்

வண்ணம் அடித்து ஒரு நாள் முழுதாகப் போகட்டும். பிறகு இரண்டு அல்லது மூன்று மெல்லிய கோட். ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவே டப்பாவில் எழுதியிருக்கும் நேரத்தைக் கடைப்பிடியுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்துப் பெரியவர்களே செய்வது நல்லது.

பலரும் முன்பக்கம் மட்டும் பூசுகிறார்கள். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் பொருள். பின்பக்கம், ஓரம், துளையின் உள்சுவர் என்று எங்கே திறந்திருக்கிறதோ அந்த வழியாக ஈரம் உள்ளே போகும். துளைக்குள் பூச, பஞ்சு சுற்றிய குச்சியை வார்னிஷில் தொட்டு ஒரு சுற்றுச் சுற்றினால் போதும்.

சில நாளில் மேலே வெள்ளையாக உப்புப் பூத்தால், உள்ளே ஈரம் இருக்கும்போதே மூடிவிட்டீர்கள் என்று அர்த்தம். அந்தத் தொங்கலை மீட்பது கடினம். மேலும் வார்னிஷ் அடித்தால் இன்னும் மோசமாகும்.

12. கயிறு கட்டித் தொங்கவிடுதல்

பருத்தி, சணல், ரிப்பன் எதுவும் சரி. இரும்புக் கம்பியும் கொக்கியும் வேண்டாம். உப்போடு சேர்ந்து துருப்பிடித்து, துளையைச் சுற்றிப் பழுப்புக் கறை இறங்கும்.

குளியலறைக் கதவு, அடுப்புக்கு மேல், நீர்த்துளி படியும் ஜன்னல் கண்ணாடி ஆகியவற்றைத் தவிருங்கள். நாய் எட்டாத உயரம் என்று கணக்கிடும்போது, அது பின்னங்காலில் எழுந்து நின்றால் எவ்வளவு எட்டும் என்று பாருங்கள்.

மீதி மாவைத் தொட்டிக்குள் கழுவி விடாதீர்கள். குழாயில் போய்ப் பசையாக ஒட்டி அடைக்கும். செடித் தொட்டியிலும் கொட்டக் கூடாது. உப்பு வேரைக் கெடுக்கும். காகிதத்தில் பொதிந்து மூடியுள்ள குப்பைத்தொட்டியில் போடுங்கள்.

13. எடுத்து வைத்தல்

விடுமுறை முடிந்து கழற்றும்போது ஒவ்வொன்றையும் தனித்தனியாக வெள்ளைத் தாளில் சுற்றி, காற்றுப் புகாத பெட்டியில் படுக்கை வசமாக அடுக்குங்கள். செருப்புப் பெட்டி, மருந்து டப்பாக்களில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்து வைத்திருந்தால் நான்கைந்தை உள்ளே போடுங்கள். செய்தித்தாளில் சுற்றினால் மை ஒட்டும்.

அடுத்த முறை திறக்கும்போது ஏதாவது நெகிழ்ந்திருந்தால் ஓவனில் வைக்க வேண்டாம், வார்னிஷ் கெடும். புதிய சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய டப்பாவில் ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். இறுகினால் கயிற்றை மட்டும் புதிதாக மாற்றித் தொங்கவிடலாம். பூஞ்சைப் புள்ளி தெரிந்தால் அந்தத் தொங்கலைப் பெட்டியிலிருந்து அப்புறப்படுத்துங்கள். மற்றவற்றையும் பிரித்துப் பார்த்து, சுற்றிய தாளை மாற்றுங்கள்.